சீசன் தொண்டை

மாமல்லபுரம்
4 மார்ச் 2025, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நடப்பதை நடந்தபடியே உங்களுக்கு எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ரெஜினா சிஸ்டர் உங்கள் போனை வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டார். "கைல போன் இருந்தா இந்த மனுஷன் பேசாம இருக்கமாட்டாரு. கிசுகிசுன்னுகூட பேசக்கூடாது, தொண்டை இன்னும் கெட்டுப்போகும்" என்று சொன்னாராம். பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. அதனால் எனக்குக் காகிதம்தான் வழி. அம்மா புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் செங்கல்பட்டுக்கு வரும்போது சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவார். பிரித்துப் படிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது பிப்ரவரி 26ஆம் தேதி. வெள்ளிக்கிழமை எனக்கும் அம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. காசநோய் எங்களுக்கும் வராமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மா உங்கள் தலையணை உறைகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தார். கஷாயம் வைக்கிற சின்னச் சட்டியை மூன்று முறை தேய்த்துப் பரணில் போட்டுவிட்டார்.

கேட்பவர்களிடம் அம்மா நிமோனியா என்று சொல்கிறார். இது பொய்தான், ஆனால் என் பொய் இல்லை.

மீன் விற்கும் பூவாயி அத்தை நேற்று ஒரு தூக்கில் நண்டு ரசம் கொண்டுவந்தார். "இன்னா பொண்ணே, உங்கப்பன் ஆஸ்பத்திரில படுத்துகினு கீறாரு, நீ புக்க வெச்சிகினு குந்திகினு கீற. இத்த கொண்டும்போய்க் குடு. கல் நண்டு, ஓட்டோட இடிச்சுப் போட்டுக்கீறேன். எம்மாஞ் சளியா இருந்தாலும் அறுத்துகினு வந்துரும்" என்றார். அங்கே வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும் என்று நானும் அம்மாவும் குடித்துவிட்டோம். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு அதிகம்.

என் மருந்து நோட்டில் அது இருபத்து மூன்றாவது. நோட்டு என்றால் நீங்கள் கேலி செய்வீர்களே, "என் தொண்டைக்கு ஒரு கெஜட்" என்று, அதுதான். ஆடாதோடை இலைக் கஷாயம், தேனில் குழைத்த திப்பிலிப் பொடி, வாயில் அடக்க அதிமதுரம், சித்தரத்தை போட்ட பால், தூதுவளை ரசம், நொச்சி இலை ஆவி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. உங்களிடம் கைடு வேலை பழகும் குமார் அண்ணன் சொன்ன 'பிராந்தியில் மிளகு' பதினோராவது. அதை வீட்டில் யாரும் செய்யவில்லை என்று அம்மா நம்புகிறார். நேற்று முழு நோட்டையும் திரும்பப் படித்தேன். 'பலன்' என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் எதிரே நான் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு நாள் நன்றாக இருந்தது.

ஓ.பி.யில் நடந்தது எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. டாக்டர் "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார். அம்மா, "இருமல்னு இல்லீங்க டாக்டர். சீசன் தொண்டைதான்" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அது என்ன வியாதி?" என்றார். "டூரிஸ்ட் சீசன்ல கத்திக் கத்தி வர்றதுங்க. டிசம்பர்ல வரும், மார்ச்ல தானா போய்டும். இவரு கைடுங்க" என்று அம்மா விளக்கினார். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் குரல் எப்போது வரும் என்று டாக்டர் சொன்னாரா? அதை மட்டும் எழுதினால் போதும்.

உங்கள் மகள்,
அன்பரசி


செங்கல்பட்டு
5 மார்ச், புதன்

அன்பு மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது,

நான் கடிதம் எழுதி இருபது வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது உங்கம்மாவுக்கு. அதில் பாதி பொய். அதைப் படித்துத்தான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் சௌக்கியம். காலையில் மாத்திரை, மதியம் ஊசி. சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் நாற்பது நாள் இங்கேயே இரு என்கிறார்கள். ரெஜினா சிஸ்டர் என் பெயரைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். கட்டில் தலைமாட்டில் போர்டு மாட்டியிருக்கிறார்: 'திருநாவுக்கரசு. பேசக்கூடாது.' வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று படித்துவிட்டுப் போகிறான். பல்லவர் கல்வெட்டைக்கூட இத்தனை பேர் படித்ததில்லை.

எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் அச்சுதன் சார் கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் சிலேட்டில் ஒரு வரி எழுதினால் அவர் பதிலாக ஒரு மணி நேரம் பேசுகிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் டூரிஸ்ட், இன்னொருத்தன் கைடு.

இந்த வார்டில் இருபது பேர் இருமுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு பாஷை. கண்ணை மூடிக்கொண்டே யாரென்று சொல்லிவிடுவேன்.

மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். டிவியில் எனக்கும் காட்டினார்கள். சின்னக் குகை. உள்ளே இரண்டு வெள்ளைத் தூண் இருக்க வேண்டுமாம். எனக்கு இரண்டும் சிவப்பு. நுழைவுச்சீட்டு போட்டு ஆள் விடலாம்.

குரல் தன்னால் வரும். நீ கணக்குப் பரீட்சைக்குப் படி. குமாரிடம் சொல், ஐந்து ரதத்தில் யானை பக்கம் வெயில் ஏறுவதற்குள் ஆட்களைக் கூட்டிப்போகணும். அவனுக்குச் சோம்பல்.

அப்பா


மாமல்லபுரம்
8 மார்ச், சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று எழுதிவிட்டு முதல் கடிதத்திலேயே ஒன்றைக் குறைத்துவிட்டேன். நான்கு நாட்களாக அது என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஜனவரி 7ஆம் தேதி, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம், சாயங்காலம் சுகாதாரத் துறையில் இருந்து ஸ்ரீதேவி அக்கா வந்தார். பழுப்புச் சேலை, தோளில் பை, கையில் படிவக் கட்டு. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நீங்கள் மதியம் சீக்கிரமே திரும்பி வந்து பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"வூட்ல யாருக்குன்னா ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் கீதா, பாப்பா?" என்று கேட்டார்.

நான் "இல்லைக்கா" என்றேன்.

"காய்ச்சல், எடை கொறையறது?"

"இல்லைக்கா."

"எனக்குக் கை வலிக்குது. நீயே எழுதிடு" என்று படிவத்தை என்னிடம் கொடுத்தார். இருமல் என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். கட்டத்துக்கு வெளியே போகாமல், ஒரே சீராக எழுதினேன். "முத்து மாதிரி எழுதறியே" என்று அவர் பாராட்டினார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா, நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. அவர் இருமல் என்று கேட்டபோது எனக்கு நீங்கள் ஞாபகத்துக்கே வரவில்லை. இருமல் என்றால் மழையில் நனைந்த பிள்ளைகளுக்கு வருவது, பீடி பிடிக்கிறவர்களுக்கு வருவது. உங்களுக்கு இருப்பது சீசன் தொண்டை. நான் பிறந்ததிலிருந்து நம் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். அன்று காலைகூட உங்களுக்கு ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நோட்டில் எழுதினேன். நோட்டில் எழுதிய கையும் படிவத்தில் எழுதிய கையும் ஒன்றுதான். எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரி 7இலிருந்து பிப்ரவரி 26 வரை ஐம்பது நாள். பள்ளி நூலகத்தில் இருக்கும் ஆரோக்கியப் புத்தகத்தில், குரல்வளையில் வரும் காசநோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று போட்டிருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் 'சீசன் தொண்டைக்கான மருந்துகள்' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'இருமலுக்கான' என்று மாற்றினேன். மாற்றிப் பார்த்தபோது அது வேறு யாருடைய நோட்டு மாதிரியோ இருந்தது.

நான் ஆமாம் என்று எழுதியிருந்தால் உங்கள் குரல் பிழைத்திருக்குமா? டூரிஸ்டுகளுக்குச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

அன்பரசி


செங்கல்பட்டு
9 மார்ச், ஞாயிறு

அன்புக்கு,

அம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நிற்கிறாள். அவசரமாக எழுதுகிறேன்.

நீ ஏன் இதற்கெல்லாம் பேஜார் பண்ணிக்கொள்கிறாய்? அந்த ஸ்ரீதேவி வந்த அன்றைக்கு எனக்கு இருமலே கிடையாது. லேசான கரகரப்பு, அவ்வளவுதான். இருமல் ஆரம்பித்தது ஜனவரி கடைசியில், காணும் பொங்கல் கூட்டமெல்லாம் போன பிறகு. அதனால் நீ எழுதியது சரிதான். கட்டத்துக்குள் எழுதினாய், சரியாக எழுதினாய். அத்தோடு விடு.

சாப்பிடு. படி.

அப்பா


மாமல்லபுரம்
11 மார்ச், செவ்வாய்

அப்பா,

என் நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

டிசம்பர் 19: சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி தேனில். அப்பா ராத்திரி நான்கு முறை எழுந்தார்.

டிசம்பர் 27: நொச்சி ஆவி. போர்வைக்குள்ளேயே இருமல் வந்து மூச்சு முட்டிப் பாதியில் எழுந்துவிட்டார்.

ஜனவரி 3: வெற்றிலையில் மிளகு வைத்து. சளி மஞ்சளாக வருகிறது.

ஜனவரி 7: ஆடாதோடை. குரல் மாறியிருக்கிறது, தகரத்தைத் தேய்ப்பதுபோல.

நீங்கள் சொல்லும் கதையை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். வராக மண்டபத்தில் ஒரு குழுவுக்கு முன்னாலேயே "அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை" என்று சொன்னதற்கு நீங்கள் கோபப்படவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். இதையும் திருத்தவைத்துவிட்டீர்கள்.

என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் வேண்டியிருக்கிறது என்றால் தவறு என்னுடையதுதான் என்று புரிந்துகொண்டேன். இனி கேட்கமாட்டேன்.

அன்பரசி


செங்கல்பட்டு
19 மார்ச், புதன்

அன்பு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அச்சுதன் சார், "எழுதறதும் கிழிக்கிறதும்னு, கொழந்தைக்கு லவ் லெட்டரா?" என்று கேட்டார். இது கிழிக்காமல் அனுப்புகிற கடிதம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நவம்பர் கடைசி. டெல்லியில் இருந்து ஒரு டாக்டர்கள் குழு வந்திருந்தது. கடற்கரைக் கோயிலில் பேசிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால் குங்குமம் பட்டதுபோல் ஒரு பொட்டு. குழுவைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, கல் தடுப்பு தாண்டிப் போய் அலையில் அலசினேன். திரும்பி வந்தால் குழுவில் ஒரு வயதான டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேன் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "திரு, இந்த வாரமே நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். நான் வழக்கம்போல் சீசன் தொண்டை கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அன்றைக்கே தெரியும் அன்பு. காசநோய் என்று ஒருவனுக்குத் தெரிந்தால் வேனில் என் பக்கத்தில் எவன் உட்காருவான்? டிசம்பரும் ஜனவரியும்தான் நமக்கு வருஷம். சீசன் முடியட்டும், மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உனக்கும் அம்மாவுக்கும் ஒட்டிவிடுமோ என்ற பயம் இருந்தது. அதனால்தான் டிசம்பரில் வாசல் வராண்டாவில் போய்ப் படுத்தேன். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னேன். கம்பளி போர்த்திக்கொண்டு புழுக்கம் என்றவனை நீங்கள் இரண்டு பேரும் நம்பினீர்கள்.

சீசன் தொண்டை என்பது வைத்தியர் வைத்த பெயர் இல்லை. கைடுகள் எல்லோருக்கும் இருக்கிற வியாதியும் இல்லை. நீ பிறந்த வருஷம், தொண்டை கட்டி வேலைக்குப் போகாமல் இருந்தபோது உங்கம்மா டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தாள். அவள் வாயை அடைக்க நான் வைத்த பெயர் அது. அந்த வருஷம் அது வெறும் தொண்டைக்கட்டுதான். பெயர் நன்றாக இருந்ததால் வருஷா வருஷம் அதையே சொன்னேன். கடைசியில் நீங்களும் சொன்னீர்கள்.

ஜனவரி 7. நான் முகம் கழுவவில்லை. ஸ்ரீதேவி கேட்டது குழாயடிக்கு நன்றாகக் கேட்டது. அந்த நேரத்தில் இருமல் வந்தது. துண்டை வாயில் திணித்து, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அமுக்கிக்கொண்டு நின்றேன். நீ 'இல்லைக்கா' என்று சொன்னதும் என் மனதுக்குள் அப்பாடா என்று இருந்தது. நீ ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் வெளியே வந்து, "கொழந்தைக்கு இன்னா தெரியும்" என்று அதை அடித்துவிட்டு இல்லை என்று எழுதவைத்திருப்பேன். அந்த 'இல்லை' என்னுடையது. கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது.

இன்னும் ஒன்று. அதையும் மறைக்கவில்லை. சிலேட்டில் எழுதி டாக்டரிடம் கேட்டேன், எப்போது வந்திருந்தால் குரல் தப்பியிருக்கும் என்று. "நவம்பர்ல வந்திருந்தா நிச்சயமா. ஜனவரில வந்திருந்தா சொல்லமுடியாது" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அதில் எதையும் கூட்டவில்லை.

நோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். குரல் பழையபடி வராது. ஒரு பக்கத்துக் குரல்நாண் தழும்பேறி இறுகிவிட்டதாம். முதல் கேமராவிலேயே சந்தேகப்பட்டார்கள். போன வாரம் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு வரும். பாறைக்கு முன்னால் நிற்கிற நாற்பது பேருக்குக் கேட்காது.

உங்கம்மாவுக்கு நவம்பர் கதை தெரியாது. இன்றைக்கு அவள் வந்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டப்போகிறேன். அதற்குப் பிறகு அவள் இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தால், அது அவள் நல்ல மனசு.

அப்பா


மாமல்லபுரம்
5 ஏப்ரல், சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாளை நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். நேரில் சொல்ல வராதவற்றை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். அம்மா காலையில் உங்களை அழைத்துவரப் புறப்படும்போது கொடுத்தனுப்புவேன். பஸ்ஸில் படியுங்கள்.

19ஆம் தேதி அம்மா வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை என் புத்தகத்தின் மேல் வைத்தார். பிறகு வராண்டாவுக்குப் போய், நீங்கள் படுத்த இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் படித்து முடித்துவிட்டு வெளியே வந்தேன். "எவ்ளோ குளிர்ந்திருக்கும் இங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் உங்களுக்கு நான் எழுதவில்லை. அம்மா ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் பரீட்சை இருக்கிறது என்றேன்.

எனக்குக் கோபம். இப்போதும் இருக்கிறது. நீங்கள் பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை. நான் கஷாயம் வைத்துக் கொடுக்கும்போதெல்லாம் வாங்கிக் குடித்துவிட்டு, "இப்ப தேவல" என்று சொன்னீர்கள். அதை நம்பி 'பலன்' என்று எழுதினேன். என் நோட்டில் இருக்கும் பலன்கள் எல்லாம் நீங்கள் சொன்னவை. எது உண்மையாகவே வேலை செய்தது, எது எனக்காகச் சொன்னது என்று பிரிக்க இனி எனக்கு வழியில்லை.

டாக்டர் ஜனவரியைப் பற்றிச் சொன்னதையும் படித்தேன். சொல்லமுடியாது என்ற வார்த்தையை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். விடாமல் எழுதியதால்தான் மற்றதை நம்புகிறேன்.

நேற்று பரீட்சை முடிந்தது. சாயங்காலம் அர்ஜுனன் தபசு பக்கம் போனேன். குமார் அண்ணன் ஒரு குழுவை வைத்துக்கொண்டு நின்றார். இருபது பேர் இருப்பார்கள், மதுரைப் பக்கத்து ஆசிரியர்கள். நான் பின்னால் நின்று கேட்டேன். எல்லாம் உங்கள் வார்த்தைகள். யானையைக் காட்டிக் கையை உயர்த்துவது, உயர்த்திய கையை இறக்காமலே அடுத்த வாக்கியத்தை ஆரம்பிப்பது, பாம்பு உருவத்தைச் சொல்லும் முன் குரலைத் தாழ்த்துவது, ஒன்றுவிடாமல். இந்த சீசன் முழுக்க உங்கள் பக்கத்தில் நின்று கேட்டே மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

தவம் செய்யும் பூனையிடம் வந்தார். "நல்லா பாருங்க, ஒத்தக் கால்ல நிக்குது" என்றார். நிறுத்தினார். தலையை இடது பக்கம் திருப்பி, கையை மடக்கி வாயருகே வைத்து, மூன்று முறை இருமினார். பிறகு, "சுத்தி எலிங்க. பயமே இல்லாம" என்று தொடர்ந்தார்.

கூட்டம் ரதத்தைப் பார்க்கக் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு எத்தனை நாளா இருமல்?"

"எனக்கா? எனக்கு ஏது இருமல்?"

"இப்ப இருமினீங்களே. பூனைகிட்ட."

"நான் எங்கம்மா இருமினேன்? இன்னா நீ, கண்டவனயும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுன்னு கெளம்பிட்டியா? ஸ்ரீதேவியக்கா போன வாரம்தான் டப்பாவக் குடுத்து சளி வாங்கிகினு போச்சு, நெஞ்சுப் படமும் எடுத்துச்சு. ஒண்ணுமில்லன்னு ரிசல்ட்டே வந்துகீது. காட்டட்டா?"

போனில் காட்டினார். நான் முழுவதும் படித்தேன். ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தது. அவர் நெஞ்சில் எந்த நோயும் இல்லை.

அவர் போன பிறகு அங்கேயே நின்றேன். அது இருமல் இல்லை அப்பா. நீங்கள் அந்த இடத்தில் எப்போதும் இருமியிருக்கிறீர்கள். அவர் அதையும் பேச்சின் ஒரு பகுதி என்று கற்றுக்கொண்டிருக்கிறார். ஒத்தைக் கால், மூன்று இருமல், சுற்றி எலிகள். அதை அவர் அறியவே இல்லை. பூனையை அடுத்த குழுவுக்குக் காட்டும்போதும் இருமுவார்.

அவர் அடுத்த குழுவோடு திரும்பி வந்தபோது, திருத்தவேண்டும் என்று முதலில் தோன்றியது. 'அண்ணே, அந்த இடத்துல இருமாதீங்க, அது பேச்சு இல்ல' என்று சொன்னால் விட்டுவிடுவார். வாயைத் திறந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அதற்குள் அவர் மறுபடியும் ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குரல் அவருடையது, சின்னக் குரல், உங்களுடையதைப் போல் பாறையில் மோதித் திரும்பாது. அந்த மூன்று இருமல் மட்டும் அச்சாக உங்களுடையது.

திருத்தாமலே விட்டுவிட்டேன். இரண்டாவது குழுவும் போனது. வேர்க்கடலை வண்டிக்காரர் அடுப்பை அணைத்தார். நீங்கள் நிற்கும் இடத்தில் போய்ச் சிறிது நேரம் நின்றேன். பூனைக்கு மேலே படர்ந்திருந்த மஞ்சள் வெளிச்சத்தில் எலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், பாதிதான் எண்ணியிருப்பேன், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

அன்பரசி